டிராயிங் சார் பார்க்காத பறவை

பெரியமடைக் குளத்தின் நடுவே, கோடையில் தண்ணீர் இறங்கியதும் தலைகாட்டும் பழைய மடைக்கல்லின் மேல், சித்திரை பிறந்த நாலாம் நாள் விடியற்காலையில் வந்து நின்ற அந்தப் பறவையை ஊரில் பார்க்காத ஆள் கிடையாது. பால் கறக்கப் போனவர்கள் பார்த்தார்கள், பல் விளக்க வந்தவர்கள் பார்த்தார்கள், முதல் பஸ்ஸை ஓட்டிவந்தவர் பஸ்ஸைக் கரையிலேயே நிறுத்திவிட்டுப் பார்த்தார், பஸ்ஸில் இருந்தவர்கள் இறங்கிவந்து பார்த்தார்கள், இரண்டு கண்ணிலும் புரை விழுந்து சொந்த மருமகளையே குரலை வைத்துத்தான் அடையாளம் கண்டுகொள்கிற சப்பாணிமுத்துப் பெரியவர்கூடக் கரையில் கால் வைத்த உடனே, "அந்தா நிக்குல்லா" என்று கையை நீட்டினார். கொக்கு உயரம், உடம்பெல்லாம் அரைத்த சந்தன நிறம், பிடரியில் நீலம், குங்குமச் சிவப்பில் அலகு, ஒரு கால் மஞ்சள், ஒரு கால் கறுப்பு. இப்படியும் ஒரு பறவை உலகத்தில் உண்டா என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் இதன் படம் இரண்டு வருடமாக ஊர்க் கமிட்டி ஆபீஸ் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. வரைந்தவர் டிராயிங் சார் ஆவுடைநாயகம், முதன்முதலில் பார்த்தவரும் அவரே என்று படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறது. ஊரே திரண்டு நின்று பார்த்த பறவையை அவர் ஒருத்தர்தான் பார்க்கவில்லை.

அவரும் ஓடிவரத்தான் செய்தார். சட்டைப் பொத்தானைக்கூட ஒழுங்காகப் போடாமல் வந்து, நீட்டிய கைகளுக்கு நேரே கண்ணை ஓட்டிப் பார்த்தார். தண்ணீர் இருந்தது, கல் இருந்தது, கல்லின் மேல் பாசி காய்ந்து வெளுத்திருந்தது, அதற்கு மேல் வெறும் காற்று. "சார், உங்க பறவை சார்!" என்று டீக்கடைச் சிதம்பரவடிவு அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ரெண்டு வருசம் கழிச்சு உங்களத் தேடி வந்துட்டு பாருங்க. காலப் பாத்தியளா, ஒண்ணு மஞ்சளு ஒண்ணு கறுப்பு, அப்படியே உங்க படம்." காலைப் பற்றிச் சொன்னதும் ஆவுடைநாயகம் குனிந்து விட்டுப்போன சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தார். அந்தப் பறவைக்கு ஒரு கால் ஏன் கறுப்பு என்பது இந்த உலகத்தில் அவர் ஒருவருக்கு மட்டும்தான் தெரியும்: முதல் காலுக்கு அடித்ததோடு அவருடைய வர்ணப் பெட்டியில் மஞ்சள் தீர்ந்துபோயிருந்தது.

அது என்ன கதை என்று சொல்வதற்கு முன்னால் ஊரின் பழக்கத்தைச் சொல்லவேண்டும். பெரியமடையில் பறவைகளைப் பறவைகள் என்று சொல்வது குறைவு, பிள்ளைபெற வந்தவர்கள் என்றுதான் சொல்வார்கள். தை மாதத்தில் கூழைக்கடாவும் செங்கால் நாரையும் அரிவாள் மூக்கனும் வந்து இறங்கிக் குளத்துக் கருவேல மரங்களில் கூடு கட்டிவிட்டால், அதற்கப்புறம் ஊரில் வேட்டு கிடையாது, மைக் செட் கிடையாது, கல்யாண மேளம்கூடக் குளத்துக்கு மூன்று தெரு தள்ளித்தான், புருசன் பெண்டாட்டி சண்டையானாலும் கதவைச் சாத்திக்கொண்டுதான். முதல் முட்டை விழுந்த நாளிலிருந்து கடைசிக் குஞ்சு பறக்கிற நாள்வரை ஊருக்கு ஒரு முட்டைக் காவல் உண்டு, கையில் ஒரு கம்பும் கழுத்தில் கமிட்டி வாங்கிக்கொடுத்த பைனாகுலருமாகக் கரையைச் சுற்றிவர வேண்டும். காவலுக்கு நிற்பவர் வேறு எந்தத் தப்பு செய்தாலும் ஊர் பொறுத்துக்கொள்ளும், தூங்கினால் மட்டும் பொறுக்காது. பேறுகாலத்துக்கு வந்தவர்களைக் காக்காமல் தூங்கியவர் வீட்டுக்கு, அவர் பெற்ற மகளே ஆனாலும் பேறுகாலத்துக்கு வரக்கூடாது என்பது ஊர்க்கட்டு. அப்படித் தூங்கியதாக யாரும் அகப்பட்டதே இல்லை, மாடத்தி அகப்படுகிறவரை.

மாடத்தி ஏழு வருடம் முட்டைக் காவலாக இருந்தவள். எந்தக் கூட்டில் எத்தனை முட்டை, எந்தக் குஞ்சு அம்மாவிடம் கொத்து வாங்குகிறது, எந்த ஜோடிக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இரண்டு வருடத்துக்கு முன்னால், இதேபோல் ஒரு சித்திரையில், வருடாவருடம் நடக்கிற பறவைக் கணக்கெடுப்புக்காக டவுனிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். கரைக்கு ஒருவராகப் பிரித்து விட்டதில் வடகரை ஆவுடைநாயகத்தின் பங்கு. பதினெட்டு வருடமாகப் பறவை பார்க்கிறவர், பறவை வரைகிறவர், தொப்பியும் நோட்டுமாகக் கிளம்பிப் போனார். போனவர் உடைமரத்து நிழலில் கொஞ்சம் உட்கார்ந்தார், உட்கார்ந்தவர் சாய்ந்தார், சாய்ந்தவர் குளத்துக் காற்றில் நன்றாகத் தூங்கிப்போனார், கண் விழித்தபோது மணி எட்டரை, இரைதேடப் போகிற பறவைகளெல்லாம் போய் முடிந்திருந்தன.

அவர் செய்த தப்பு தூங்கியது அல்ல, தூங்கியது யாருக்கும் தெரியக்கூடாது என்று நினைத்ததுதான். காலிப் படிவத்தில் நாரை நூற்றிருபது, கூழைக்கடா எண்பது என்று கைக்கு வந்ததை எழுதினார். 'புதிதாகக் கண்டவை' என்ற கடைசிக் கட்டத்தில் பதினெட்டு வருடமாக 'இல்லை' என்றே எழுதி வந்தவருக்கு அன்றைக்கு ஒரு யோசனை வந்தது. புதுப் பறவை ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தவனைப் போய், நீ தூங்கினாயா என்று யார் கேட்பார்கள்? மடியில் நோட்டை வைத்துக்கொண்டு, தண்ணீரைத் தொட்டு வர்ணத்தைக் குழைத்து, அப்படி ஒரு பறவையை வரைந்தார். படம் நன்றாகவே வந்தது. அவர் வாழ்நாளில் வரைந்ததிலேயே அதுதான் நல்ல படம் என்பதை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

டவுன்காரர்கள் படத்தைக் கையில் வாங்கி ஆகா ஓகோ என்றார்கள். மாடத்தி மட்டும் எட்டிப் பார்த்துவிட்டு, "இப்படி ஒண்ணு இங்க வரலியே சார்" என்றாள், சண்டைக்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். கமிட்டித் தலைவர் துரைப்பழம் நேர்மையான மனிதர், ரைஸ்மில் வைத்திருக்கிறவர், எதையும் இரண்டில் ஒன்றாகப் பார்த்துத்தான் அவருக்குப் பழக்கம். "இவ வரலைங்கா, நீங்க வந்துச்சுங்கிய. அப்ப ஒண்ணு நீங்க பொய் சொல்லணும், இல்ல இவ தூங்கியிருக்கணும். என்ன சார் சொல்லுதிய?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். ஆவுடைநாயகம் மாடத்தியைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு, ரொம்ப இரக்கப்பட்டவர்போலச் சொன்னார்: "பாவம், எத்தன நாளா முழிச்சிருக்கா. விடியக்காலம் லேசா கண் அசந்திருக்கும். அதப் போய்ப் பெருசுபடுத்த வேண்டாம்." சாருக்கு எவ்வளவு நல்ல மனசு என்று கூட்டத்தில் ஒருத்தி சொன்னதை அவர் தன் காதால் கேட்டார். தூங்கவில்லை என்று சத்தியம் பண்ணியும், மாடத்தியிடமிருந்து கம்பையும் பைனாகுலரையும் வாங்கிவிட்டார்கள். அவள் மகள் செல்வராணிக்கு அப்போது எட்டாம் மாதம். தாய்வீட்டுக்கு வரமுடியாமல், திருப்பூரில் புருசன் வேலை பார்க்கிற இடத்திலேயே அவள் பிள்ளை பெற்றாள், மாடத்தியும் வீட்டைப் பூட்டிக்கொண்டு அங்கேயே போய்விட்டாள்.

இப்போது அந்தப் பறவை வந்து நிற்கிறது. வந்த முதல் நாள் ஊர் ஆச்சரியப்பட்டது, இரண்டாம் நாள் சந்தோஷப்பட்டது, மூன்றாம் நாளிலிருந்து அதற்கேற்ற மாதிரி தன்னை மாற்றிக்கொண்டது. ஐந்தே முக்காலுக்கு வந்து ஏழு மணிக்குப் போகிறது என்பதால் பால் சொசைட்டி ஏழரைக்குத் திறந்தது. சிதம்பரவடிவு கரைமேல் இரண்டு பெஞ்சைப் போட்டு, பறவை கல்லில் இருக்கிறவரை கண்ணாடி கிளாஸ் சத்தம் கேட்கக்கூடாது என்று பேப்பர் கப்பில் டீ கொடுத்தாள். அம்மன் கொடைக்கு வில்லுப்பாட்டுக்காரர்கள் உடுக்கையைத் துணியால் சுற்றி அடித்தார்கள், அம்மனும் கோபித்துக்கொள்ளவில்லை. கண்டக்டர் ஐகோர்ட்ராஜா பழைய பேரை விட்டுவிட்டு, "வாத்தியார் பறவை எறங்குங்க" என்றே ஸ்டாப்பைக் கூவினார். மேலத்தெருப் பக்கம் முகம் காட்டுகிறது என்று மேலத்தெருக்காரர்களும், வால்தான் உங்கள் பக்கம் என்று கீழத்தெருக்காரர்களும் நாலு நாள் பேசாமலிருந்தார்கள், ஐந்தாம் நாள் அது திரும்பி நின்றதும் சமாதானமானார்கள். கல்யாணம் நிச்சயமான பெண்கள் ஒரு காலில் மஞ்சளும் ஒரு காலில் மருதாணியும் வைத்துக்கொள்வது வழக்கமாயிற்று. கருவேல மரங்களில் உண்மையாகவே உட்கார்ந்திருந்த நானூற்றுச் சொச்சம் பறவைகளைப் பார்க்க மட்டும் அந்த வருடம் யாருக்கும் நேரமில்லை.

ஆவுடைநாயகம் தினமும் போனார், போகாமல் இருக்க முடியாது. பெஞ்சில் நடு இடம் அவருக்கு. வெளியூரிலிருந்து வந்தவர்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து, "சார், இப்ப என்ன செய்யுது சார், விளக்கிச் சொல்லுங்க" என்பார்கள், அவர் பைனாகுலரை வெறும் கல்லுக்கு நேரே பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர் மூச்சை இழுப்பதை வைத்து "சிறகை விரிக்கிறது" என்றும், சிரிப்பதை வைத்து "தலையைச் சொறிகிறது" என்றும் சொல்லப் பழகினார். ஒருநாள் பறவை எழுந்து போனபிறகும் அவர் கல்லைக் காட்டிப் பேசிக்கொண்டே இருந்துவிட்டார். கூட்டம் சிரிக்கும் என்று அவருக்கு வேர்த்தது. கூட்டம் சிரிக்கவில்லை. "அவிய மனசுல அது இன்னும் நிக்கி" என்று ஒருவர் மெதுவாகச் சொல்ல, எல்லாரும் மரியாதையாக எழுந்து நின்றார்கள். வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடவில்லை. ஒரு பொய்யை ஒருதடவை சொன்னவன் அவர், இப்போது அதை நாள் தவறாமல் ஒன்றேகால் மணி நேரம் சொல்லிக்கொண்டிருக்கிறார். தன்னை யாராவது செருப்பால் அடித்தால் நிம்மதியாக இருக்கும் என்றிருந்தது, ஆனால் அந்த ஊரில் அவரைப் பார்த்தவர்களெல்லாம் கும்பிட்டார்கள்.

நாற்பதாம் நாள் காலை ஐந்தரைக்கு, முதல் பஸ்ஸில் மாடத்தி வந்து இறங்கினாள். பாதியாக இளைத்திருந்தாள். கரைமேல் ஏறி நின்று, கூட்டத்தோடு கூட்டமாக, கல்லில் வந்து இறங்கிய பறவையைப் பார்த்தாள், பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே ஆவுடைநாயகத்திடம் வந்து காலில் விழப்போனாள். அவர் பதறி எழுந்து அவளைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார், கரையோர மரத்தடிவரை.

"மன்னிச்சிருங்க சார்" என்றாள் மாடத்தி. "நான் தூங்கித்தான் இருக்கேன். தூங்கலைன்னு சத்தியம் பண்ணுனேன், அது பொய்ச் சத்தியமாப் போச்சு. இந்தா நிக்கில்லா, கண்ணுக்கு முன்னால."

ஆவுடைநாயகம் கழுத்தில் கிடந்த பைனாகுலரைக் கழற்றினார்.

"ரெண்டு வருசமா எனக்குப் படுத்தா தூக்கம் வராது சார். கண்ண மூடுனா, இப்படித்தான் அன்னைக்கும் நமக்குத் தெரியாமலே தூங்கினோமான்னு திடுக்குனு முழிப்பு வந்துரும். என் மேலயே எனக்கு நம்பிக்க இல்லாமப் போச்சு. செல்வராணிக்கு மறுபடி ஏழு மாசம். மொதப் பிள்ளைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவுல கெடந்தா, வெந்நி வச்சுக் குடுக்க நான் ஒருத்திதான். இந்தத் தடவையாவது வீட்டுக்குக் கூட்டியாரணும். ஊரு முன்னால தூங்குனேன்னு ஒத்துக்கிட்டு விழுந்து கும்பிட்டா கட்ட எடுத்துருவாவளாம், தொரப்பழம் அண்ணாச்சி சொல்லிவிட்டாவ. நீங்க கூட நின்னு ஒரு வார்த்த சொல்லணும் சார்."

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். சொன்னால் கட்டு எடுபடும், செல்வராணி வருவாள், பறவை நிற்கும், ஊர் சந்தோஷமாக இருக்கும், அவருடைய நல்ல மனசைப் பற்றி இன்னொரு தடவை பேசுவார்கள். அந்த வார்த்தை ஆவுடைநாயகத்தின் வாய்வரைக்கும் வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துத் தொங்கியதைப் பார்த்தபோது, வந்த வார்த்தை வேறாக மாறிவிட்டது.

"தூங்குனது நீ இல்ல, மாடத்தி" என்றார். "நான்."

அவள் புரியாமல் பார்த்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார், உடைமரத்து நிழலை, எட்டரை மணியை, நூற்றிருபது நாரையை, தீர்ந்துபோன மஞ்சளை. முடிந்ததும் மெல்லத் திரும்பிக் குளத்தைப் பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கல்லுதான் இருக்கு" என்றாள்.

"எனக்கும் அதான்."

"இப்ப நின்னுச்சே சார்."

"இப்பமும் நிக்கி. அவங்களுக்கு."

மாடத்தி அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள். "அப்ப நான் முழிச்சுத்தான் இருந்திருக்கேன்" என்று ஒருதடவை சொன்னாள், அவரிடமில்லை, தனக்குத்தான். பிறகு எழுந்து சேலையை உதறினாள். "வாங்க. எல்லார்ட்டயும் சொல்லுங்க. ஒருத்தர் விடாம."

அவர் சொல்லத் தொடங்கினார், சிதம்பரவடிவிடமிருந்து. அவள் முதலில் சிரித்தாள், சார் அடக்கத்துக்குச் சொல்கிறார் என்று பக்கத்திலிருந்தவர்களிடம் கண்ணைக் காட்டினாள். அவர் திரும்பச் சொன்னார். மாடத்தியின் முகத்தைப் பார்த்த சிதம்பரவடிவுக்குச் சிரிப்பு நின்றது, கல்லின் பக்கம் திரும்பினாள், கையிலிருந்த டீ சரிந்து காலில் கொட்டியதுகூடத் தெரியாமல், "எங்க சார் போச்சு?" என்றாள். அடுத்து ஐகோர்ட்ராஜா, அடுத்து மேலத்தெருக்காரர்கள், அடுத்து கீழத்தெருக்காரர்கள். நம்பியவர்களுக்கெல்லாம் நம்பிய அந்த நிமிஷத்திலேயே கல் காலியானது, நீட்டியிருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. சிலர் அழுதார்கள். ஒரு காலில் மஞ்சளும் ஒரு காலில் மருதாணியுமாக நின்ற பெண் ஒருத்தி, "ஏன் சார் எங்க பறவையக் கொன்னிய?" என்று சத்தம் போட்டாள். சப்பாணிமுத்துப் பெரியவர் மட்டும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் சொல்லாதிய, எனக்கு ஒண்ணும் சொல்லாதிய" என்றபடி கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் தொந்தரவு செய்யவில்லை.

துரைப்பழம் கடைசி ஆள். எல்லாம் கேட்டுவிட்டு, கல்லைப் பார்த்துவிட்டு, முகம் சுண்டிப்போய், "ரெண்டு வருசம் சொல்லாம இருந்தியருல்லா. இன்னும் கொஞ்ச நாளு சொல்லாமலே இருந்திருக்கலாமே ஓய். ஊரு சந்தோசமா இருந்துச்சே" என்றார். சார் ஓய் ஆனதை எல்லாரும் கவனித்தார்கள். மாடத்திதான் பதில் சொன்னாள்.

"நான் இல்லையே அண்ணாச்சி அந்தச் சந்தோசத்துல."

துரைப்பழம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவர்தான் அன்றைக்கு இரண்டில் ஒன்று என்று கேட்டவர், அந்த இரண்டில் தான் எதை எடுத்துக்கொண்டோம் என்பது இப்போது அவருக்கே உறைத்தது. கட்டு கிடையாது, மகளைக் கூட்டி வா, காவல் வேலையையும் நீயே பார் என்று சொன்னார். மகள் வருவாள், வேலையைப் பற்றி அப்புறம் யோசித்துச் சொல்கிறேன் என்றாள் மாடத்தி. யாரிடமும் அவள் கோபப்படவில்லை. ஆவுடைநாயகத்தை மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. கேட்கிற தகுதி தனக்கு இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மகளை அழைத்துவர எட்டு மணி பஸ்ஸிலேயே திரும்பவேண்டும் என்று அவள் கிளம்பினாள். கரைமேல் நின்ற கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள், மடியில் பையை வைத்தாள், டிரைவர் வண்டியை எடுப்பதற்குள் தலை சாய்ந்து ஜன்னல் கம்பியில் முட்டி நின்றது. வாய் லேசாகத் திறந்துகொண்டது. டிக்கெட் கொடுக்க வந்த ஐகோர்ட்ராஜா அவள் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, விசிலையும் ஊதாமல், கையால் தகரத்தை மெல்லத் தட்டி வண்டியைப் போகச் சொன்னார். பஸ் கரை நெடுகக் குலுங்கிக் குலுங்கிப் போயிற்று, அவள் விழிக்கவில்லை. கீழே தனியாக நின்ற ஆவுடைநாயகம் அதைத் தன் கண்ணால் பார்த்தார்.